எந்தக் கேலன், எந்த அவுன்ஸ்? கொள்ளளவு அலகுகளை மாற்றும் வழி

அமெரிக்க அளவுகளை மெட்ரிக்குக்கு மாற்றுவதில் பெருக்கல் பெரிய வேலையே இல்லை. அதைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். கணக்கு தப்புவது அதற்கு முன்னாலேயே. தாளில் 'கேலன்' என்று இருக்கிறது. எந்தக் கேலன்? 'அவுன்ஸ்' என்று இருக்கிறது. எடையா, கொள்ளளவா? 'கப்' என்று இருக்கிறது. எந்த நாட்டுக் கப்? இதைக் கேட்காமல் பெருக்கினால், ஆறு தசம இடம் வரை துல்லியமான ஒரு தப்பான விடை கிடைக்கும்.

(சிலர் 'காலன்' என்று எழுதுவார்கள். எமனைத் துணைக்குக் கூப்பிட வேண்டாமே என்று இங்கே கேலன்.)

ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி இடம் அலகை அடையாளம் காண்பதற்கே போகிறது. மாற்றும் எண்கள் சில வரிகளில் முடிந்துவிடும்.

முதலில் ஓர் ஏணி

நீண்ட அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே ஓர் எண்ணிலிருந்து எல்லாம் இறங்கி வருகின்றன: ஓர் அமெரிக்க கேலன் என்பது 231 கன அங்குலம். இது அளந்து கண்ட எண் அல்ல, வரையறை. அங்குலமும் 1959 முதல் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் ஒரு கன அங்குலம் 16.387064 மி.லி. அதை 231ஆல் பெருக்கினால் 3,785.411784 மி.லி. தோராயம் எதுவும் இல்லை, அந்த இடத்தோடு எண் முடிந்துவிடுகிறது.

அங்கிருந்து கீழே இறங்கலாம்:

கேலன்: 3,785.41 மி.லி.
குவார்ட் (கேலனில் கால்): 946.35 மி.லி.
பைன்ட் (குவார்ட்டில் பாதி): 473.18 மி.லி.
கப் (பைன்ட்டில் பாதி): 236.59 மி.லி.
திரவ அவுன்ஸ் (கப்பில் எட்டில் ஒன்று): 29.574 மி.லி.
டேபிள்ஸ்பூன் (அவுன்ஸில் பாதி): 14.787 மி.லி.
டீஸ்பூன் (டேபிள்ஸ்பூனில் மூன்றில் ஒன்று): 4.929 மி.லி.

வகுக்கும் எண்களை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பழகினால் போதும்: நாலு, ரெண்டு, ரெண்டு, எட்டு, ரெண்டு, மூணு. கடைசிப் படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேலே பாதி பாதியாக வந்த பழக்கத்தில் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு இரண்டு டீஸ்பூன் என்று போட்டுவிடுவார்கள். மூன்று.

மேலே ஏற இரண்டு எண்களும் வேண்டும்: ஒரு கன அடி 28.317 லிட்டர் (7.48 கேலன்). கச்சா எண்ணெய்க் கணக்கில் வரும் ஒரு பேரல் 42 கேலன், அதாவது 158.99 லிட்டர்.

முதல் படி: அலகின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

ஒரே பெயரில் ஏன் இரண்டு கேலன் இருக்கிறது? 231 கன அங்குலக் கேலன் உண்மையில் இங்கிலாந்தின் ஒயின் கேலன். ஆன் அரசி காலத்தில், 1707இல், அங்கே சட்டமானது. அமெரிக்கா அதையே வைத்துக்கொண்டது. பிரிட்டனோ 1824இல் பழைய கேலன்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, 10 பவுண்டு எடையுள்ள நீர் கொள்ளும் புதிய கேலனைக் கொண்டுவந்தது. இன்று அதன் மதிப்பு 4.54609 லிட்டர். அமெரிக்கக் கேலனைவிட 20 சதவீதம் பெரிது. பிரிட்டிஷ் பத்திரிகையில் வந்த ஒரு காரின் மைலேஜை அமெரிக்க எண்ணோடு ஒப்பிட்டு, 'அங்கே விற்கும் அதே கார் இவ்வளவு சிக்கனமா' என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இந்த 20 சதவீதத்தைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள்.

அவுன்ஸில் ஒரு விசித்திரம். பிரிட்டிஷ் கேலன் பெரிது, ஆனால் பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் சிறிது: 28.413 மி.லி. அவர்கள் கேலனை 160 கூறாக்கினார்கள், அமெரிக்கர்கள் 128. பைன்ட்டிலும் அதே கதை: அங்கே 20 அவுன்ஸ், இங்கே 16. எனவே 'பிரிட்டிஷ் அளவு எல்லாமே பெரிது' என்று ஒரே பெருக்கெண்ணால் திருத்தப் போனால் பாதி இடங்களில் தலைகீழாகிவிடும்.

அடுத்தது எடை அவுன்ஸ். அது 28.35 கிராம். திரவ அவுன்ஸ் ஒரு கொள்ளளவு. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. தேனை எடுத்தால் குட்டு உடைந்துவிடும். ஒரு கப் தேன் 8 திரவ அவுன்ஸ், ஆனால் தராசில் ஏறத்தாழ 12 அவுன்ஸ் காட்டும். மாவு எதிர்த் திசையில் போகும். ஒரு கப் மாவு 120 முதல் 130 கிராம் வரைதான், அதாவது நாலரை அவுன்ஸுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. 'மாவு 8 அவுன்ஸ்' என்று எழுதியிருந்தால் அது எடை. ஒரு கப் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் விழும்.

எந்த அவுன்ஸ் என்று தெரியாதபோது எளிய சோதனை ஒன்று உண்டு. லேபிளில் பெரும்பாலும் மெட்ரிக் எண்ணும் கூடவே இருக்கும். மெட்ரிக் எண்ணை அவுன்ஸ் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கிராமை வகுத்து 28.35 வந்தால் எடை. மில்லிலிட்டரை வகுத்து 29.57 பக்கம் வந்தால் அமெரிக்கத் திரவ அவுன்ஸ். 28.4 வந்தால் பிரிட்டிஷ். கேலனுக்கும் இதே வழி: லிட்டரைக் கேலனால் வகுத்தால் 3.79 அல்லது 4.55. சந்தேகத்தைத் தீர்க்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

கப் இன்னும் மோசம். அமெரிக்கச் சமையல் கப் 236.6 மி.லி. அதே நாட்டில் உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியலில் வரும் கப் 240 மி.லி. என்று விதி இருக்கிறது. அங்கே டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5, திரவ அவுன்ஸ் 30 என்று முழு எண்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. ஜப்பானியக் கப் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி., மற்ற பல இடங்களில் 15. பேக்கிங் சோடா போன்ற பொருளில் இந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் நாக்கில் தெரியும்.

சுருக்கக் குறிகளிலும் ஒரு கண்ணி. பழைய அமெரிக்கக் குறிப்புகளில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'டி' தனியாக நின்றால் டீஸ்பூன், பேரெழுத்து 'டி' என்றால் டேபிள்ஸ்பூன். கைப்பிரதியை நகலெடுத்தவர் எழுத்தின் உயரத்தைக் கவனிக்காவிட்டால் அளவு மூன்று மடங்காகிவிடும்.

கடைசியாக, உலர் அளவுகள். அமெரிக்காவில் தானியத்துக்கும் பழத்துக்கும் தனியாக உலர் பைன்ட், உலர் குவார்ட், புஷெல் உண்டு. உலர் பைன்ட் 550.6 மி.லி., திரவ பைன்ட்டைவிட 16 சதவீதம் கூடுதல். புஷெல் 35.24 லிட்டர். ஆனால் சமையல் கப்பில் மாவை அளந்தாலும் அது திரவக் கப்பின் அளவுதான். 'உலர்ந்த பொருள், ஆகவே உலர் அளவு' என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: அலகையும் சேர்த்துப் பெருக்குங்கள்

பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பத்துக்கு ஒரே மருந்து, எண்ணை அலகோடு எழுதுவது. 18 லிட்டரைக் கேலனாக்க வேண்டும். '3.785 லிட்டர் / 1 கேலன்' என்பது ஒரு பின்னம். அதைத் தலைகீழாக்கினால் '1 கேலன் / 3.785 லிட்டர்'. மேலே இருக்கும் லிட்டரும் கீழே இருக்கும் லிட்டரும் அடிபட்டு, கேலன் மட்டும் மிஞ்சும்படி எது அமைகிறதோ அதுதான் சரி:

18 லிட்டர் × (1 கேலன் / 3.785 லிட்டர்) = 4.755 கேலன்

தவறான பின்னத்தைப் போட்டிருந்தால் விடையின் அலகு 'லிட்டர் வர்க்கம் பங்கு கேலன்' என்று அசிங்கமாக நிற்கும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அலகை எழுதாமல் 18 × 3.785 = 68.1 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண் வாய் திறக்காது.

அலகு ஒட்டாத எண் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலை 23 ஒரு சாட்சி. கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. தொட்டியில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. அதை எடையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள், 13,597 வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கான எண் சுமார் 0.8. மீதி வேண்டியது என்று 5,000 லிட்டருக்கும் குறைவாகவே ஊற்றினார்கள், உண்மையில் 20,000 லிட்டர் தேவைப்பட்டது. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. விமானிகள் அதைக் கிளைடர்போல மிதக்க விட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. கணக்கைப் பார்த்தால் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. 7,682 × 1.77 சரியாக 13,597தான்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் மி.லி. ஆக்கி, பிறகு கூட்டுங்கள்

கலப்பு அளவு வந்தால் ஒவ்வொன்றையும் தனியாக மில்லிலிட்டராக்குங்கள். ஓர் உதாரணத்தை அருகே வைத்துப் பார்க்கலாம். குறிப்பில் பால் 2¼ கப், 3 டேபிள்ஸ்பூன், 1½ டீஸ்பூன்.

2.25 × 236.59 = 532.3
3 × 14.787 = 44.4
1.5 × 4.929 = 7.4
மொத்தம் 584.1 மி.லி.

ஜாடியில் 585 என்று அளந்தால் போதும். இதையே 240, 15, 5 என்ற முழு எண்களால் போட்டால் 592.5 வரும். ஒன்றரை சதவீதம்கூட வித்தியாசமில்லை, பாயசத்துக்கும் கேக்குக்கும் ஒன்றும் ஆகாது. 250 மி.லி. கப்பால் அளந்தால் 615. ஐந்து சதவீதக் கூடுதல். மாவையும் சர்க்கரையையும் அதே கப்பால் அளந்திருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் கூடியிருக்கும், கவலையில்லை. ஆனால் பாலைக் கப்பாலும் மாவைத் தராசாலும் அளந்தால் கலவை இளகிப்போகும். ஒரே குறிப்பில் இரண்டு முறையைக் கலப்பதுதான் உண்மையான தவறு.

எதிர்த் திசையில், லிட்டரைக் கேலன், குவார்ட், அவுன்ஸ் என்று பிரிப்பதில் வேறொரு வழுக்கல் இருக்கிறது. 10 லிட்டரை எடுத்துக்கொள்வோம்.

10 ÷ 3.7854 = 2.6417 கேலன்.

இது '2 கேலன் 64 அவுன்ஸ்' அல்ல. தசமத்துக்குப் பின்னால் இருப்பது கேலனின் பகுதி. அதை 128ஆல் பெருக்குங்கள்: 0.6417 × 128 = 82.1 அவுன்ஸ். அதில் 64 அவுன்ஸை எடுத்தால் 2 குவார்ட், மீதி 18.1. அதில் 16ஐ எடுத்தால் 1 பைன்ட், மீதி 2.1. ஆக 2 கேலன், 2 குவார்ட், 1 பைன்ட், 2 அவுன்ஸ் சொச்சம்.

விகிதம் என்றால் பாதி வேலை மிச்சம்

கரைசல் கலக்கும் குறிப்புகளில் 'ஒரு கேலனுக்கு 2 அவுன்ஸ்' என்று வரும். இரண்டையும் தனித்தனியாக மெட்ரிக்குக்கு மாற்றிப் பிறகு வகுப்பவர்கள் உண்டு. தேவையில்லை. ஒரு கேலனில் 128 அவுன்ஸ் என்றால் 2 அவுன்ஸ் என்பது 64இல் ஒரு பங்கு. 64இல் ஒரு பங்கு எந்த நாட்டிலும் 64இல் ஒரு பங்குதான். லிட்டருக்கு 1000 ÷ 64 = 15.6 மி.லி. 16 லிட்டர் தெளிப்பான் என்றால் சரியாக 250 மி.லி.

கைவசம் வைத்துக்கொள்ள மூன்று எண்கள்: கேலனுக்கு 1 அவுன்ஸ் என்றால் லிட்டருக்கு 7.8 மி.லி. கேலனுக்கு 1 டேபிள்ஸ்பூன் என்றால் 3.9. கேலனுக்கு 1 டீஸ்பூன் என்றால் 1.3. ஒரு நிபந்தனை உண்டு: மருந்து திரவமாக இருக்க வேண்டும். தூளாக இருந்து, அவுன்ஸ் எடையைக் குறித்தால், கேலனுக்கு 1 அவுன்ஸ் என்பது லிட்டருக்கு 7.5 கிராம். எண் பக்கத்தில் இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அளக்கும் கருவியே வேறு.

கால்குலேட்டர் இல்லாதபோது

லிட்டரிலிருந்து கேலன்: நாலால் வகுத்து, விடையில் ஐந்தரை சதவீதம் கூட்டுங்கள். 50 லிட்டர் என்றால் 12.5, அதோடு 0.7. விடை 13.2.

கேலனிலிருந்து லிட்டர்: நாலால் பெருக்கி, ஐந்தரை சதவீதம் கழியுங்கள். 15 கேலன் என்றால் 60, அதில் 3.3 போக 56.7. சரியான விடை 56.8.

அவுன்ஸிலிருந்து மி.லி.: முப்பதால் பெருக்கி, நூற்றுக்கு ஒன்றரை கழியுங்கள். 20 அவுன்ஸ் பாட்டில் 600 அல்ல, 591.

இந்தக் கடைசித் திருத்தத்தைச் சிறிய அளவுகளில் விட்டுவிடலாம். குவார்ட்டையும் லிட்டரையும் ஒன்றாகப் பாவிப்பதும் அன்றாடத்துக்குச் சரிதான், ஐந்து சதவீதம் குறையும் என்பது நினைவில் இருந்தால்.

மனக்கணக்கின் பெரிய பயன் வேறு. கருவி தந்த விடையை அது காவல் காக்கும். லிட்டரைக் கேலனாக்கினால் எண் சிறிதாக வேண்டும், ஏனென்றால் பெரிய பாத்திரத்தால் அளக்கிறோம். பெரிதாக வந்தால் திசை தப்பிவிட்டது.

தொட்டி, பெட்டி, கான்கிரீட்

நீளத்தை அளந்து கொள்ளளவு கண்டுபிடிக்கும்போது ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஓர் அடி 0.3048 மீட்டர் என்று தெரியும், உடனே கன அடியையும் 0.3048ஆல் பெருக்கிவிடுவார்கள். அதை மூன்று முறை பெருக்க வேண்டும்: 0.0283. விட்டுவிட்டால் விடை பத்து மடங்குக்கும் மேல் வீங்கும். கன கெஜத்துக்கும் அப்படியே. ஒரு கெஜம் மூன்று அடி, ஆனால் ஒரு கன கெஜம் 27 கன அடி, 0.7646 கன மீட்டர்.

இதைத் தவிர்க்க எளிய வழி: நீளங்களை முதலில் மாற்றுங்கள், பிறகு பெருக்குங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் ஒரு தளம் என்றால் 3.658 × 3.048 × 0.1016 = 1.133 கன மீட்டர். அடியிலேயே போட்டுச் சரிபார்க்க வேண்டுமென்றால் 4 அங்குலத்தை அடியில் மூன்றில் ஒன்று ஆக்க வேண்டும்: 40 கன அடி, 1.48 கன கெஜம். அங்குலத்தை அப்படியே விட்டு 12 × 10 × 4 என்று பெருக்குபவர்களுக்கு 480 கிடைக்கும். அதற்கு எந்த அலகும் பொருந்தாது.

மீன் தொட்டிக்கு சென்டிமீட்டரில் அளப்பதே சுகம். கன சென்டிமீட்டரும் மி.லி.யும் ஒன்று, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். உள்ளளவு 60 × 30, தண்ணீர் உயரம் 32 என்றால் 57.6 லிட்டர், அமெரிக்கக் கணக்கில் 15.2 கேலன். மீன் மருந்துப் பாட்டிலில் '10 கேலனுக்கு 5 மி.லி.' என்று இருந்தால் 7.6 மி.லி. ஊற்ற வேண்டும். பிரிட்டிஷ் கேலனாக இருந்தால் 6.3. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை அளக்கக் கூடாது. தொட்டியின் முழு உயரத்தையும் எடுக்கக் கூடாது. அடியில் கிடக்கும் கல்லும் மணலும் தண்ணீரின் இடத்தைப் பிடித்திருப்பதையும் கழிக்க வேண்டும். மருந்து விஷயத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் அலகுப் பிழையைவிடப் பெரிதாகிவிடும்.

எஞ்சின் அளவு கன அங்குலத்தில் இருந்தால் 16.387ஆல் பெருக்கினால் சி.சி. வரும். 350 கன அங்குலம் என்பது 5,735 சி.சி., பேச்சில் 5.7 லிட்டர்.

மைலேஜ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'கேலனுக்கு மைல்' என்பதை 'லிட்டருக்கு கிலோமீட்டர்' ஆக்க 0.425ஆல் பெருக்குங்கள். 30 மைல் என்றால் 12.75 கி.மீ. ஆனால் '100 கிலோமீட்டருக்கு லிட்டர்' வேண்டும் என்றால் பெருக்கக் கூடாது. 235.2ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும், 7.84 வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் உறவு அது. மைல் எண் பிரிட்டிஷ் கேலனுக்கு என்றால் 235.2க்குப் பதில் 282.5.

எத்தனை இலக்கம் வைப்பது

'சுமார் ஒரு கேலன் தண்ணீர்' என்பதை '3.785 லிட்டர் தண்ணீர்' என்று மாற்றுவது கணக்குப்படி சரி, அறிவுக்குச் சரியல்ல. மூலத்தில் இல்லாத துல்லியத்தை நாமாகச் சேர்க்கிறோம். அது 'சுமார் 4 லிட்டர்'தான். சமையலில் 5 மி.லி.க்கு முழுமையாக்கினால் போதும், ஸ்பூன் அளவுகளை மட்டும் அப்படியே விடுங்கள். ஆனால் நடுவில் முழுமையாக்காதீர்கள். ஒரு டீஸ்பூனை 5 என்று முழுமையாக்கி, அதை 768ஆல் பெருக்கிக் கேலன் கண்டுபிடித்தால் 3,840 வரும். 55 மி.லி. எங்கிருந்தோ முளைத்துவிட்டது. கடைசி விடையில்தான் வெட்ட வேண்டும்.

உட்கொள்ளும் மருந்துக்கு இந்தக் கட்டுரையின் எந்தக் குறுக்கு வழியும் வேண்டாம். அளவு மில்லிலிட்டரில் எழுதப்பட்டிருக்கும், கூடவே வரும் சிரிஞ்சிலோ அளவு மூடியிலோ மில்லிலிட்டரிலேயே அளங்கள். சமையலறை ஸ்பூன் அளவுகோல் அல்ல. டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் நடுவே மூன்று மடங்கு நிற்கிறது.

கையில் இருக்கும் கப் எது?

கப்பில் எதுவும் அச்சிடப்படவில்லையா? தராசைக் கேளுங்கள். கப்பை வைத்துச் சுழியமாக்குங்கள். அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரை, நீர் மட்டம் விளிம்போடு சமமாகும்வரை ஊற்றுங்கள். உள்ளே கோடு இருந்தால் கோடு வரை. ஒரு மி.லி. தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம். 236 காட்டினால் அமெரிக்கக் கப், 240 என்றால் சத்துப்பட்டியல் கப், 250 என்றால் மெட்ரிக், 200 என்றால் ஜப்பானியம். தண்ணீர் விளிம்புக்கு மேல் குவிந்து நின்றால் சில கிராம் கூடிவிடும், அமெரிக்கக் கப்பும் 240ஐப் போலத் தெரியும். இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது.

ஸ்பூனை ஒரே முறை நிறுத்தால் ஒரு கிராம் தராசு 5 என்று மட்டும் சொல்லும். பத்து ஸ்பூன் ஊற்றி நிறுத்துப் பத்தால் வகுங்கள். அளவு ஜாடியில் படிக்கும்போது ஜாடியைக் கண்ணுக்குத் தூக்காமல், சமதளத்தில் வைத்துவிட்டு நீங்கள் குனியுங்கள். தண்ணீர் ஓரங்களில் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் குழிந்திருக்கும் அடி விளிம்பைத்தான் படிக்க வேண்டும்.

கணினித் தாளில் போடும்போது

கேலனுக்கு ஒரு நெடுவரிசை, லிட்டருக்கு ஒன்று என்று கலந்து வைத்தால் என்றாவது ஒருநாள் யாராவது தவறான வரிசையில் எண்ணை இட்டுவிடுவார்கள். மூல எண்ணையும் மூல அலகையும் வந்தபடியே பதிந்துவிட்டு, பக்கத்தில் மி.லி. வரிசையை மட்டும் சூத்திரத்தால் நிரப்புங்கள். 3785.411784 என்பதை ஒரே கட்டத்தில் எழுதி, மற்ற எல்லாம் அதைச் சுட்டட்டும். எக்செலில் 'கன்வெர்ட்' என்ற சார்பு இந்த வேலையைச் செய்யும். அதில் அமெரிக்கக் கேலனுக்கும் பிரிட்டிஷ் கேலனுக்கும் தனித்தனிக் குறி உண்டு, வெறும் கேலன் என்று கொடுத்தால் அமெரிக்கக் கேலனாகவே எடுத்துக்கொள்ளும்.

காற்புள்ளியையும் கவனியுங்கள். அமெரிக்கத் தாளில் '3,785' என்றால் மூவாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வந்த தாளில் அதே எழுத்து மூன்று புள்ளி ஏழு எட்டு ஐந்து. கேலனை லிட்டரில் எழுதியிருக்கிறார்களா, மில்லிலிட்டரிலா என்றே தெரியாமல் போய்விடும். பக்கத்தில் இருக்கும் வேறு எண்களில் எந்தக் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகே தாளில் ஏற்றுங்கள்.